மழை பெய்யும் பக்கம்

செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாய் வழியே தென்மலை வரை நடந்து போவதென்று தீர்மானித்தேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் நீளம் சுமார் 1,600 கிலோமீட்டர். நான் நடக்கப்போவது அதில் ஒரு கைப்பிடி. எந்த மாதம் கிளம்புவது என்பதில்தான் சிக்கல்.

ஆனி, ஆடியில் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். கோவில்பட்டிக் கரிசலுக்கு வந்து சேர்வது வெறும் காற்று. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில். அதுவும் பொய்த்தால் பஞ்சம்தான்.

1876-இல் மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை கோவில்பட்டி வழியாக ஓடத் தொடங்கிற்று. அதே ஆண்டில் தாது வருஷப் பஞ்சமும் வந்தது. ஆனால் மேற்கே மலையைத் தாண்ட ரயில் கிடையாது. செங்கோட்டை–புனலூர்ப் பாதை 1904-இல்தான் வந்தது. ஆகவே பாட்டியின் தாத்தா, பத்து வயதுப் பையன், பெற்றோரோடு அந்தக் கணவாயை நடந்தே ஏறினான்.

"காத்து வர்ற திசையிலேதான் தண்ணி இருக்கும்னு போனாங்கப்பா" என்பாள் பாட்டி. ஐந்து பேராகப் போனவர்கள் மூன்று பேராகத் திரும்பினார்கள்.

அகலப்பாதையான பிறகு, 2018 முதல், அந்த வழியில் மறுபடி ரயில் ஓடுகிறது. நிழலில் உட்கார்ந்தே கடந்துவிடலாம். விவரம் தெரிந்தவர்கள் என்னை மார்கழியில் போகச் சொல்லுகிறார்கள். ஆனியில் வழுக்கும், அட்டை கடிக்கும் என்கிறார்கள்.

நான் ஆனியில்தான் போகிறேன். எங்களுக்கு வராத மழை எங்கே பெய்கிறது என்று, ஒரு தடவையாவது நனைந்து பார்க்க வேண்டும்.