ஏரிக்கரை ஊர்களில் மனையும் வீடும்

ஓர் ஊரின் பழமையை அறிய விழைவோர் முதலில் கோயிலுக்குச் செல்வர். அடுத்துப் பழைய வீடுகளைத் தேடுவர். பழைய செங்கற்பட்டுச் சீமையில் இவ்விரண்டுக்கும் குறைவில்லை. மதுராந்தகம், உத்திரமேரூர்ப் பகுதிகளில் ஏரியில்லாத ஊரைக் காண்பது அரிது. கரையிற் பனைமரங்கள், கரையின்கீழ்க் கழனி, கழனியை அடுத்து ஊர். ஊர்த்தெருவில் சில வீடுகள் இன்றும் நாட்டு ஓடு வேய்ந்து, நீண்ட திண்ணையும் மரத்தூண்களும் உள்முற்றமும் நெற்குதிருமாக நிற்கின்றன. இன்னார் கட்டியது, இத்தனை தலைமுறை கண்டது என்று அவ்வீட்டார் தடையின்றிச் சொல்வர்.

அதே ஏரியின் நீர் பாயும் கழனிகளுக்கு அப்பால் சேரி இருக்கிறது. அங்கே நூறாண்டு கண்ட வீட்டைக் காட்டுவது அரிது. பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஊர் வரலாறு எழுதும் பயிற்சி தந்தபோது, நம் பிள்ளை ஒருவன், “எங்க தெருவுல பழைய வீடே இல்லையே ஐயா, நான் எதை எழுதுறது?” என்று கேட்டான். அன்று விடை கூற இயலாமல், கோயிலைப் பற்றி எழுதுமாறு சொல்லி அனுப்பிவிட்டேன். அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இம்மலரில் எழுதுகிறேன்.

நம் முன்னோர்க்கு வீடு கட்டத் தெரியாமற் போயிற்றா? ஏரிக்கரையைக் கட்டி உயர்த்திய கைகள் யாருடையவை என்பதை இப்பகுதியில் எவரும் அறிவர். கரை உடைப்பெடுத்த இரவுகளில் மண்ணும் வைக்கோலும் சுமந்து அடைத்தவர்கள் அவர்களே. அவ்வாறு அடைப்பதற்கு உழைப்பாளரைக் கட்டாயமாக அழைத்துக்கொள்ள 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் சட்டமே இயற்றப்பட்டது. ஏரி வண்டலைக் குழைத்துச் சுவர் எழுப்பவும், பனையோலை வேயவும் அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆனால் சுவரை இடுப்பளவுக்கு மேல் உயர்த்தத் தயங்கினர். இந்த மண்ணில் எத்தனை நாள் இருக்க விடுவார்களோ என்ற ஐயம் உள்ளவன் கல்லால் அடித்தளம் இடுவானா? வீட்டின் வரலாறு சுவரில் தொடங்குவதன்று, மனைக்கட்டில் தொடங்குவது.

இதற்குச் சான்று நாம் பெருமையோடு காட்டும் கல்வெட்டிலேயே இருக்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை, குடவோலை முறையை விளக்குகின்றன. முப்பது குடும்புகள், ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்று நானும் பல்லாண்டுகள் கரும்பலகையில் எழுதிப் போட்டவனே. வாரியத்துக்குத் தகுதியுடையோர் யாவர் என்னும் பகுதியை மட்டும் விரைந்து கடந்துவிடுவது வழக்கம். முப்பத்தைந்து வயதுக்கு மேல் எழுபதுக்குள் இருத்தல் வேண்டும். இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருத்தல் வேண்டும். தனக்குச் சொந்தமான மனையில் வீடு கட்டிக் குடியிருத்தல் வேண்டும். வேதம் வல்லவனாயின் நிலத்தின் அளவு பாதியாயினும் போதும் என்று கல்வெட்டு சலுகை தருகிறது. மனைக்கு அத்தகைய சலுகை சொல்லப்படவில்லை. அது பிராமணர் சபை என்பதும் உண்மையே. எனினும் ஏரியை ஆளும் வாரியத்தில் அமர, சொந்த மனை வேண்டும் என்பது அக்காலத்தின் தெளிவான எண்ணம். ஏரியில் மண் சுமந்தவனுக்கு அந்த மனை எங்கே இருந்தது?

அதற்கும் கல்வெட்டில் இடமுண்டு. முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கில், இறையிலியாகக் கழிக்கப்பட்ட நிலங்களுள் ஊர்நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தனியே குறிக்கப்பட்டுள்ளது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஊர் வேறு, சேரி வேறு என அளந்து எழுதிவிட்டார்கள். சேரிக்கு வரி இல்லை. ஆனால் அங்கே குடியிருப்போன் பெயரில் மனையும் எழுதப்படவில்லை.

பிற்காலத்தில் செங்கற்பட்டுச் சீமையில் மிராசு முறை வேரூன்றிய பின்பு இந்தக் குறை கொடிய ஆயுதமாயிற்று. ஊர் நிலத்தைப் பங்கு வைத்து ஆண்ட மிராசுதாரர், சேரி நத்தமும் தம் பங்கைச் சேர்ந்ததே என்று வாதிட்டனர். படியாள் ஒருவன் வேறு பண்ணைக்குப் போக நினைத்தாலும், தரிசு நிலத்துக்கு மனுப் போட்டாலும், முதலில் வரும் மிரட்டல், ‘குடிசையைப் பிரித்துக்கொண்டு போ’ என்பதே. இதில் ஒரு கொடுமையைக் கவனித்தல் வேண்டும். ஊரின் எல்லைகளை நன்கறிந்தவர் நம்மவரே. எல்லை வழக்கு எழுந்தால் அவர்களை எல்லை வழியே நடக்கச் செய்து தீர்ப்பதுண்டு என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நூல்கள் குறிக்கின்றன. பிறர் எல்லையைக் காட்டியவனுக்குத் தன் வாசற்படியின் எல்லை தன்னுடையதன்று.

இதை அரசின் முன் விரிவாக எழுதி வைத்தவர் செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த திரமென்கீர். அவருடைய 1891-ஆம் ஆண்டுக் குறிப்பு பஞ்சமி நிலத்தின் பொருட்டே இன்று பேசப்படுகிறது. 1892 செப்டம்பர் 30 நாளிட்ட அரசாணை எண் 1010 அதன் விளைவே, ‘டி.சி. நிலம்’ என்று நம் பெரியவர்கள் சொல்வதும் அதையே. ஆனால் அக்குறிப்பில் மனைக்கட்டைப் பற்றியும் அவர் அழுத்திக் கூறியுள்ளார். குடியிருக்கும் இடத்தின்மீது உரிமையற்றவன் கூலியைப் பற்றி வாய் திறக்க இயலாது என்பதை அவர் கண்டுகொண்டார். அதே காலத்தில் ஆதாம் ஆண்ட்ரூ என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் இம்மாவட்டத்தில் மெல்ரோசாபுரம் என்னும் குடியேற்றத்தை உண்டாக்கினார். மதமாற்றத்தைப் பற்றி அவரவர் கருத்து எதுவாயினும், எவரும் வெளியேற்ற முடியாத மண்ணில் நம்மவர் சிலர் சுவர் எழுப்பிய இடம் அது.

அரசாணைக்கு மறு ஆண்டு, 1893-இல், ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கிய திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசன் இந்த மண்ணின் மைந்தர். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் அவர் பிறந்த ஊர். பொதுத் தெரு, கிணறு, குளம், பொதுக் கட்டிடம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொண்டுவந்தார். நான் மேலே வருணித்த ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் இருக்கும் தெருவில் நம் பாட்டன்மார் நடந்து செல்வதற்கே ஒரு சட்டமன்றத் தீர்மானம் வேண்டியிருந்தது.

1920-ஐ ஒட்டிச் சென்னை அரசின் தொழிலாளர் துறை, மனைக்கட்டுக்கான நிலத்தை விலைக்கு எடுத்து, கூட்டுறவுச் சங்கங்களின் வழியே தவணையில் பணம் பெற்று வழங்கத் தொடங்கியது. தம் வீட்டு மனைக்குத் தாமே விலை கொடுத்தவர்கள் அவர்கள். இலவசமாகப் பெற்றவர்கள் என்று நம்மை ஏளனம் செய்வோர்க்கு இதைச் சொல்லலாம். விடுதலைக்குப் பின், குடியிருப்போரை வெளியேற்றாதபடி காக்கும் சட்டம் 1961-இல் வந்தது. பின்னர் 1971-இன் குடியிருப்புச் சட்டம், அவ்வாண்டு ஜூன் 19 அன்று நிலவுடைமையாளரின் மனையில் குடியிருந்த விவசாயத் தொழிலாளர்க்கு அம்மனையையே உரிமையாக்கியது. 1974-இல் ஆதிதிராவிடர் வீட்டுவசதிக் கழகம் தோன்றிற்று. வரிசையாக ஒரே அளவில் எழுந்த அத்தொகுப்பு வீடுகளே நம் முதற் காரைச் சுவர்கள். ‘காலனி’ என்ற பெயரும் அவற்றோடு ஒட்டிக்கொண்டது. அச்சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அரசாணையில் நீங்கும் சொல் பேருந்து நடத்துநர் வாயிலிருந்து நீங்குவதற்குச் சற்றுக் காலமாகும்.

ஆகவே அம்மாணவன் எழுதுவதற்குப் பொருள் இருந்தது. எனக்குத்தான் அன்று கண்ணிற் படவில்லை. தன் வீட்டு இரும்புப் பெட்டியில் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருக்கும் மனைப்பட்டா எந்த ஆண்டுடையது, யார் பெயரில் உள்ளது, அதற்கு எத்தனை முறை தாலுகா அலுவலகத்துக்கு நடந்தார்கள், அதற்கு முன் குடிசை எங்கே இருந்தது, எவர் சொல்லிப் பிரித்தார்கள், சுவருக்கு மண் எந்த ஏரியிலிருந்து வந்தது என்று பாட்டியிடம் கேட்டிருந்தால் ஓட்டு வீட்டுப் பிள்ளையைவிட அவன் நீளமாக எழுதியிருப்பான். பாட்டிமார் இருக்கும்போதே கேட்டல் நன்று.

நம் கல்விக் கழகத்தின் நூலகத்தில் இதற்கென ஒரு பதிவேடு வைக்கலாம் என்பது என் விண்ணப்பம். தெருவாரியாக, வீட்டுக்கு ஒரு பக்கம் போதும். விடுமுறையில் இளைஞர் இருவர் அமர்ந்தால் ஒரு தெரு முடிந்துவிடும். நிர்வாகிகள் இசைவார்களாயின், முதற் பக்கத்தில் ஒட்டுவதற்கு என் தாயார் பெயரிலுள்ள நத்தம் பட்டாவின் படியை நானே கொண்டுவந்து தருகிறேன்.