‘எனக்கு வேணும்’: மயிலாப்பூரை முன்வைத்துத் தமிழ்க் கிறித்தவச் செபக் கல்வி பற்றி ஓர் ஆய்வு

1544ஆம் ஆண்டு முத்துக்குளித்துறையில் பணியாற்றிக்கொண்டிருந்த பிரான்சிஸ் சவேரியார், தம் உடனூழியர் பிரான்சிஸ்கோ மான்சிலாசுக்கு எழுதிய கடிதமொன்றில் ஒரு தமிழ்ச் சொல்லைத் திருத்தச் சொல்கிறார். விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில் பெயர்த்தபோது, நம்புகிறேன் என்ற பொருள் வரவேண்டிய இடத்தில் ‘எனக்கு வேணும்’ என்பது நுழைந்திருந்தது. ‘வேணும்’ என்றால் விரும்புகிறேன் என்றுதான் பொருள், அதை எடுத்துவிட்டு ‘விசுவாசம்’ என்ற சொல்லை இட வேண்டும் என்கிறார். கடற்கரை மக்கள் மாதக்கணக்கில் ஓதிவந்த பாடம் ஒரு கடிதத்தில் மாறியது. தமிழ்க் கிறித்தவச் செபத்தின் முதல் பாடபேதம் என்று இதைச் சொல்லலாம்.

மொழிபெயர்ப்பு வரலாற்றில் இது சிறு பிழையாகவே குறிக்கப்படுகிறது. செபிக்கக் கற்பது என்றால் என்ன என்று கேட்பவருக்கோ இதைவிடப் பொருள் பொதிந்த சான்று கிடைப்பது அரிது. தமிழில் கடவுளிடம் கேட்பதற்கு நெடுநாளாக வழங்கும் சொல் ‘வேண்டுதல்’. அதற்கும் ‘வேணும்’ என்பதற்கும் வேர் ஒன்றுதான். மயிலாப்பூரோடு மரபு இணைத்துப் பேசும் வள்ளுவர், கடவுள் வாழ்த்தில் இறைவனை வேண்டுதலும் வேண்டாமையும் இல்லாதவன் என்கிறார். அங்கே வேண்டுதல் என்பது விருப்பு. விருப்பும் இரப்பும் ஒரே வினைச்சொல்லில் கிடக்கும் மொழி நம்முடையது. சவேரியாருக்கு உதவிய இருமொழியாளர்கள் அறியாமையால் தவறினார்கள் என்று மட்டும் சொல்லிக் கடந்துவிட முடியாது. கடவுளை நோக்கி ஒருவர் வாய் திறந்தால் தமிழில் முதலில் வருவது எதுவோ, அதைத்தான் அவர்கள் கொடுத்திருக்கிறார்கள்.

வேண்டுவதை எவரும் யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. பசியும் நோயும் பயமும் அதைக் கற்பித்துவிடுகின்றன. யாரிடம், எந்தச் சொல்லால், எந்த முறையில் வேண்டுவது என்பதைத்தான் பிறர் வாயிலிருந்து பெற வேண்டியிருக்கிறது. சொந்த வேட்கைக்கு இரவல் சொல்லை வாங்கி, அந்தச் சொல் தன்னுடையதாகும் வரை ஓதுவதே செபக் கல்வி. மனப்பாடச் செபம் உயிரற்றது, தானாக எழும் செபமே உண்மையானது என்ற இன்றைய பொதுக்கருத்து தமிழ்ச் சூழலில் வரலாற்றுக்கும் பொருந்தவில்லை, அனுபவத்துக்கும் பொருந்தவில்லை என்பதே என் வாதம்.

சவேரியார் 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட கடிதம் இந்தக் கல்வி நடந்த விதத்தைக் காட்டுகிறது. இரு மொழியும் ஓரளவு தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, சிலுவை அடையாளம், விசுவாசப் பிரமாணம், கட்டளைகள், பரலோக மந்திரம், மரியாளுக்கான பிரியதத்த மந்திரம் ஆகியவற்றைப் பெரும்பாடுபட்டுத் தமிழாக்கி, முதலில் தாமே மனப்பாடம் செய்கிறார். பிறகு கையில் மணியோடு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, நாளுக்கு இருமுறை சொல்லிக் கொடுக்கிறார். கற்ற பிள்ளைகள் வீட்டில் தாய் தந்தையருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் கற்பிக்க வேண்டும். நோயாளிகள் அழைக்கும்போது எல்லா வீட்டுக்கும் அவரால் போக முடியாததால், அந்தப் பிள்ளைகளே போய்ச் செபம் சொல்லியிருக்கிறார்கள்.

இங்கே ஆசிரியர் யார், மாணவர் யார்? தாம் சொல்லும் சொல்லின் பொருளை முழுதும் அறியாமல், பிறர் கொடுத்த ஒலியை அப்படியே நெட்டுருப் போட்டவர் முதலில் அந்தக் குருவானவர்தான். இந்தத் தலைகீழ் நிலையை 1554 பிப்ரவரி 11இல் லிஸ்பனில் அச்சான ‘கார்த்தில்யா’ இன்னும் தெளிவாக்குகிறது. வின்சென்டே தெ நாசரே, ஜார்ஜ் கார்வால்யோ, தோமே தா குரூஸ் என்ற மூன்று தமிழ்க் கிறித்தவர்கள் உருவாக்கிய நூல் அது. ரோமன் எழுத்தில் தமிழ்ச் செபங்கள், அவற்றுக்குச் சொல்லுக்குச் சொல் போர்ச்சுகீசியப் பொருள். கார்த்தில்யா என்றால் அரிச்சுவடி. தமிழ் எழுத்து தெரியாத ஐரோப்பியர் வாய்விட்டுப் படித்துப் பழகத்தான் அந்த அமைப்பு உதவும். ஆக, தமிழில் செபிப்பது எப்படி என்று சொல்லித்தர அச்சேறிய முதல் நூலில் தமிழர்கள் ஆசிரியர்களாக இருக்கிறார்கள். மிஷனரி கொடுத்தார், தமிழர் பெற்றார் என்று ஒரே திசையில் எழுதப்படும் வரலாற்றை இந்தச் சிறு நூல் ஒன்றே மறுக்கப் போதும்.

அடுத்த கட்டம் நன்கு அறியப்பட்டது. அன்றீக்கே அன்றீக்கசு அடிகளாரின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே அச்சானது. பதினாறு பக்கம். மறுஆண்டு கொச்சியிலிருந்து ‘கிரிசித்தியானி வணக்கம்’, கேள்வியும் பதிலுமாக. கோட்பாட்டு நூல்களுக்கு ‘வணக்கம்’ என்று பெயர் வைத்ததில் ஒரு தெளிவு தெரிகிறது. அறிந்துகொள்வதும் வணங்குவதும் அந்தத் தலைப்பில் பிரியவில்லை. கிறித்தவச் சொற்களுக்குத் தமிழ்ச் சூழலின் உடையை அணிவித்த ராபர்ட் தெ நொபிலி தம் கடைசிக் காலத்தை மயிலாப்பூரில் பார்வையிழந்து கழித்தார். பிறர் எழுத, சொல்லிச் சொல்லியே நூல் செய்தவர், 1656இல் அங்கேயே இறந்தார்.

சவேரியாருக்கும் மயிலாப்பூருக்கும் உள்ள தொடர்பு செபக் கல்வியின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. 1545இல் அவர் மயிலாப்பூரின் சாந்தோமுக்கு வந்து ஏறத்தாழ நான்கு மாதம் தங்கினார். கற்பிக்க வந்த வருகை அல்ல அது. அடுத்து எங்கே போவது என்று தெரியாமல், திருத்தூதர் தோமையாருடையது என்று மரபு சொல்லும் கல்லறை இருந்த கோயிலில் செபத்தில் விடை தேடினார். அங்கிருந்துதான் மலாக்காவுக்குப் புறப்பட்டார். முந்தைய ஆண்டு பிறர் செபத்திலிருந்து ‘எனக்கு வேணும்’ என்பதை நீக்கியவர், இங்கே தமக்கு என்ன வேண்டும் என்பதைத் தள்ளிவைத்து, தம்மிடம் வேண்டப்படுவது எது என்று கேட்கக் கற்றுக்கொண்டிருந்தார். நியோ கோதிக் பாணியில் 1896இல் எழுந்த இன்றைய பேராலயத்தில் நிற்கும் போதெல்லாம், அதற்குமுன் அங்கிருந்த சிறு கோயிலையும் அந்த நான்கு மாதத்தையும் நான் நினைத்துக்கொள்வதுண்டு. பரங்கிமலையில் 1547இல் கிடைத்த கற்சிலுவையின் பாரசீகப் பகலவி எழுத்துகளுக்குப் பிற்கால அறிஞர்கள் தந்த வாசிப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டாலும், அவற்றுள் பல அதை இரக்கம் கேட்கும் மன்றாட்டாகவே காண்கின்றன. அப்படியானால் இந்நகரில் எஞ்சியுள்ள மிகப் பழைய கிறித்தவச் சொற்களும் ஒருவகை வேண்டுதலே.

மனப்பாடத்துக்கு எதிரான வாதத்தை அதன் வலுவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். மலைப்பொழிவில் இயேசுவே வீண்சொற்களை அலப்ப வேண்டாம் என்கிறார். சீர்திருத்த சபையினர் இதைக் காட்டித்தான் கத்தோலிக்கரின் ‘மந்திரங்களை’ விமர்சித்தார்கள். பரலோக மந்திரம், பிரியதத்த மந்திரம் என்ற பெயர்களே அவர்கள் காதுக்கு உறுத்தின. ஆனால் அவர்கள் தேர்ந்த ‘ஜெபம்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? ஒரு பெயரையோ சொல்லையோ முணுமுணுத்துத் திரும்பத் திரும்ப உருவேற்றுவதைக் குறிக்கும் வடசொல் ‘ஜபம்’தான் அதன் மூலம். கத்தோலிக்கர் அதையே ‘செபம்’ என்று எழுதுகிறார்கள். எழுத்தில் சபை வேறுபாடு தெரிகிறது, வேரில் இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழாக்கிய லூத்தரின் சிறிய ஞானோபதேசமும் கேள்வி பதிலாக மனப்பாடம் செய்யவென்றே எழுந்த நூல். அதோடு, வீண்சொல் வேண்டாம் என்ற அதே இடத்தில் இயேசு மௌனத்தைக் கற்பிக்கவில்லை, ஒரு பாடத்தைத்தான் கொடுத்தார். லூக்காவில் சீடர்கள் எங்களுக்குக் கற்பியும் என்று கேட்டபோதும் கிடைத்தது சொல்வதற்கான சொற்களே.

நம்மூரில் செபிக்கக் கற்கும் பிள்ளை சொற்களோடு ஒரு பிரதிப்பெயரையும் கற்கிறது. இது போதிய கவனம் பெறாத செய்தி. மந்தவெளியிலோ அடையாற்றிலோ வளரும் குழந்தை நண்பனை ‘நீ’ என்கிறது, பெரியவரை ‘நீங்க’ என்கிறது. ‘நீர்’ என்று யாரையும் அழைப்பதில்லை. திருநெல்வேலிச் சீமைப் பேச்சிலும் யாழ்ப்பாணத்திலும் இச்சொல் மனிதர்களுக்கிடையே உயிரோடு இருக்கிறது. சென்னையில் அது கடவுளுக்கு மட்டும் உரிய விளிப்பாகிவிட்டது. தேவாரமும் திருவாசகமும் பெரும்பாலும் ‘நீ’ என்று நெருங்கிவிடுகின்றன. கிறித்தவர் ‘உம்முடைய’, ‘உமது’ என்று, நெருக்கத்துக்கும் மரியாதைக்கும் நடுவே ஓரிடத்தில் நிற்கிறார். இலக்கணப் பாடமாக இதை எவரும் சொல்லித்தருவதில்லை. பாட்டி சொல்லக் கேட்டுப் பேத்தி சொல்கிறாள். இந்த ஒரு சொல்லாலேயே, தான் பேசுவது தெருவில் பேசும் பேச்சு அல்ல என்று ஐந்து வயதில் அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. விசுவாசம் பற்றிய விளக்கவுரை எதுவும் அந்த வயதில் இவ்வளவு ஆழமாக இறங்காது.

உடலும் அப்படியே கற்கிறது. 1947 செப்டம்பர் 27ஆம் நாள் கதீட்ரல் சாலை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அதன் திருவிருந்து வழிபாட்டு முறை 1950இல் வெளிவந்தபோது, சமாதான வாழ்த்தைக் கையோடு கை பற்றி ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குக் கடத்தும் பழைய வழக்கத்தை மீட்டெடுத்தது. பக்கத்து இருக்கைக்காரரின் உள்ளங்கைச் சூட்டில் கற்கும் செபம் அது.

தானாக எழும் செபத்தின் தலைமையகம் என்று சொல்லத்தக்க இடமும் இந்தப் பகுதியிலேயே இருக்கிறது. டி.ஜி.எஸ். தினகரன் தொடங்கிய ‘இயேசு அழைக்கிறார்’ ஊழியத்தின் ஜெப கோபுரம், முன்பு கிரீன்வேஸ் சாலை எனப்பட்டு இன்று அவர் பெயரே தாங்கும் சாலையில் நிற்கிறது. இரவிலும் தொலைபேசியில் அழைக்கலாம். மறுமுனையில் ஒருவர் அழைத்தவரின் பெயரைச் சொல்லி, குறையைச் சொல்லி, ஜெபிப்பார். ஏட்டில் எழுதிவைத்த பாடம் எதுவும் இல்லை. ஆயினும் இந்த மரபின் ஜெபங்களைக் கவனித்துக் கேட்டால் ஒரு கட்டுமானம் புலப்படும். ஸ்தோத்திரத்தில் தொடங்கும், ‘அப்பா’ என்ற விளி அடிக்கடி வரும், தேவை பெயரிட்டுச் சொல்லப்படும், வாக்குத்தத்த வசனம் ஒன்று நினைவூட்டப்படும், இயேசுவின் நாமத்தில் முடியும். அழைத்தவர் நாலைந்து முறை கேட்டபின் இதே அமைப்பில் தம் வீட்டில் ஜெபிக்கத் தொடங்குகிறார். சவேரியாரின் மணி இருந்த இடத்தில் தொலைபேசி மணி. கற்கும் வழி காதும் வாயும்தான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. யார் வாயிலிருந்தும் பெறாத செபம் என்று ஒன்றை நான் இதுவரை கேட்டதில்லை.

அங்கிருந்து அடையாற்றைக் கடந்து பெசன்ட் நகர் போனால், ‘எனக்கு வேணும்’ திருத்தப்படாமலே நிற்பதைக் காணலாம். அன்னை வேளாங்கண்ணி திருத்தலத்தில் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவுக்குக் காவியுடுத்தி நடந்துவருவோரில் திருமுழுக்குப் பெறாதவர்களும் கணிசம். விசுவாசப் பிரமாணம் அவர்களுக்குத் தெரியாது. வேலை வேண்டும், பிள்ளை வேண்டும், வந்த நோய் போக வேண்டும். இதைச் செபத்தின் கீழ்ப்படி என்று ஒதுக்கும் இறையியலாளர்கள் உண்டு. நான் அவர்களோடு உடன்படவில்லை. தன் தேவையை மறைக்காமல் இன்னொருவர் முன் வைப்பதே பெரிய துணிவு. அதன்மேல்தான் மற்றதெல்லாம் கட்டப்படுகிறது.

மற்றதைக் கட்டுவது எப்படி என்பதற்கு சவேரியாரின் தோழர் இஞ்ஞாசியார் ஒரு வழி வைத்திருக்கிறார். 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற ‘ஆன்மப் பயிற்சிகள்’ நூலின் பிற்பகுதியில் அவர் கூறும் செப முறைகளுள் இரண்டு, ஏற்கெனவே மனப்பாடமான செபத்தையே மூலப்பொருளாகக் கொள்கின்றன. ஒன்றில், ‘தந்தையே’ போன்ற ஒரு சொல்லை எடுத்து, அதில் சுவை கிடைக்கும் வரை அடுத்த சொல்லுக்குப் போகாமல் அங்கேயே தங்க வேண்டும். இன்னொன்றில், ஒரு மூச்சுக்கு ஒரு சொல். மயிலாப்பூர் மாதா சர்ச் சாலையில் இயேசு சபையார் நடத்தும் தியான ஆசிரமத்தின் தியானப் பயிற்சிகள் இந்த மரபில் வருபவை. உருப்போட்ட சொல் உள்ளே இல்லாதவர் மூச்சில் எதை ஏற்றுவார்? மனப்பாடத்தைக் கைவிட்டுவிட்டுத் தியானத்தை மட்டும் கற்பிக்க முயலும் மறைக்கல்வி வகுப்புகள் தடுமாறுவதற்குக் காரணம் இதுவே என்று கருதுகிறேன். சொல்லைக் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டு, அதில் தங்கக் கற்பிக்காத பழைய வகுப்புகளுக்கும் இக்குறையில் பாதிப் பங்கு உண்டு.

நினைவு தப்பிய முதியவர்களின் படுக்கையருகே உட்கார்ந்தவர்களுக்கு மனப்பாடச் சொல்லின் வலிமையை விளக்க வேண்டியதில்லை. மகனின் பெயர் போய்விட்டிருக்கும், வீட்டு வாசல் எந்தப் பக்கம் என்பது போய்விட்டிருக்கும். பக்கத்தில் ஒருவர் பிரியதத்த மந்திரத்தைத் தொடங்கினால் உதடு அசைந்து கூடவே வரும். எப்போதோ மூன்றோ நான்கோ வயதில் யாரோ வாயில் போட்ட சொல் அது.

‘வேணும்’ என்ற சொல் விசுவாசப் பிரமாணத்திலிருந்து போனது போனதுதான், அது சரியான திருத்தமே. ஆனால் சீர்திருத்த சபையினரின் தமிழ் வேதாகமத்தில் இயேசு கற்பித்த ஜெபத்தைப் பாருங்கள். அன்றாட உணவைக் கேட்கும் அடியில் மூல கிரேக்கத்தில் நிற்கும் ‘எபியூசியோஸ்’ என்ற அடைமொழி வேறெங்கும் அரிதாகவே காணப்படுவது. அன்றைக்குரிய, நாளைக்குரிய, வாழத் தேவையான என்று பலவாறு பொருள் சொல்லப்படுவது. கத்தோலிக்கத் தமிழ் மரபு ‘அனுதின’ என்றது. அந்த வேதாகமத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் அதே இடத்தில் எழுதிய சொல் ‘வேண்டிய’.