எந்த அணிக்குக் கைதட்டுவது?

‘டெஸ்ட்’ என்றால் கிரிக்கெட்டில் ஐந்து நாள் ஆட்டம். 1990 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசியல்வாதி நார்மன் டெபிட் அந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலை கொடுத்தார். பிரிட்டனில் குடியேறிய ஆசியர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பாருங்கள், அவர்கள் விசுவாசம் தெரிந்துவிடும் என்பது அவர் வாதம். அதற்குக் ‘கிரிக்கெட் டெஸ்ட்’ என்றே பெயர் வந்துவிட்டது. ‘அடையாளம்’, ‘நாட்டுப்பற்று’ போன்ற தலைப்புகளில் வாதக் கட்டுரை எழுதப்போகிற மாணவர்களே, இந்த வாதத்தை நம்ம ஊரில் வைத்துப் பார்ப்போம் வாங்க.

சிங்கப்பூர் கிரிக்கெட் கிளப் 1852இல் தொடங்கியது, திடல் பாடாங். அது ஐரோப்பியர்களின் கிளப். 1883இல் யுரேஷியர்கள் அதே திடலின் மறுகோடியில் தங்களுக்கென்று ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். அப்போ நம்மவர்கள்? 1923இல் சிங்கப்பூர் இந்தியர் சங்கம், 1928இல் சிலோன் விளையாட்டுக் கழகம். இரண்டும் பாலஸ்டியர் சாலையில்தான் இருக்கின்றன. தேக்காவிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இங்கே கொஞ்சம் நில்லுங்க. இரண்டிலும் தமிழர் உண்டு, ஆனால் கிளப் வேறு வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களில் பலர் ஆங்கிலம் படித்தவர்கள், அரசாங்க அலுவலகங்களிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பாலோர் உடலுழைப்புக்கு வந்தவர்கள். இலங்கைத் தமிழர் சங்கம் 1910லேயே தனியாக அமைந்துவிட்டது. ‘அக்காலச் சிங்கப்பூர்த் தமிழர்’ என்று எல்லாரையும் ஒரே மூட்டையாகக் கட்டி எழுதும் விடைத்தாள்களைத் திருத்தும்போது எனக்குச் சலிப்பு வரும். அடுத்தடுத்து இருக்கும் இந்த இரண்டு கிளப்புகளே அதற்குப் பதில் சொல்லுமே!

1996 ஏப்ரலில் இந்தக் கதை பாடாங்குக்கே வந்தது. இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் மூன்றும் சிங்கர் கிண்ணத்துக்காக இங்கே ஒருநாள் ஆட்டங்கள் ஆடின. இலங்கை உலகக் கிண்ணத்தை வென்று மூன்று வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 2ஆம் தேதி சனத் ஜயசூரிய பாகிஸ்தானுக்கு எதிராக 48 பந்துகளில் சதம் அடித்தார். அன்றைக்கு அது உலகச் சாதனை. மொத்தம் 134 ஓட்டங்கள், 11 சிக்சர்கள். மறுநாள் ராகுல் டிராவிட் இந்தியாவுக்காக முதன்முதலாகக் களமிறங்கி, 3 ஓட்டங்களில் ஆட்டமிழந்தார். பந்து வீசியவர் கண்டியில் பிறந்த மலையகத் தமிழர், முத்தையா முரளிதரன்.

அந்த முரளியை மூன்று மாதங்களுக்கு முன்புதான், 1995 டிசம்பர் 26இல், மெல்பர்ன் டெஸ்டில் நடுவர் டேரல் ஹேர் ஏழு முறை ‘நோ-பால்’ என்று அறிவித்திருந்தார். அதே 1995 அக்டோபர் கடைசியில் போரினால் யாழ்ப்பாணத்தை விட்டு இலட்சக்கணக்கான தமிழர்கள் ஒரே நேரத்தில் வெளியேறினார்கள். 1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்தது. ஆஸ்திரேலியாவும் வெஸ்ட் இண்டீசும் உலகக் கிண்ண ஆட்டத்துக்கு அங்கே போக மறுத்தன. இப்போ சொல்லுங்க: யாழ்ப்பாண வேர் கொண்ட ஒரு சிங்கப்பூரர் பாடாங்கில் முரளிக்குக் கைதட்டினால், அது இலங்கைக்கா, தமிழுக்கா, நல்ல சுழற்பந்துக்கா? டெபிட்டின் அளவுகோலில் இதற்குக் கட்டமே இல்லை.

இன்னொன்று. டெபிட்டின் வாதம் நிற்க, குடியேறிய நாட்டுக்கென்று ஓர் அணி எதிரில் ஆடவேண்டும். பிரிட்டனில் இங்கிலாந்து அணி இருந்தது. சிங்கப்பூருக்கோ டெஸ்ட் தகுதியே கிடையாது. லார்ட்ஸிலோ சேப்பாக்கத்திலோ யாரை ஆதரித்தாலும் நம் நாட்டுக்கு எதிராக நிற்க வழியில்லை. நமது தேசிய உறுதிமொழியை 1966இல் எழுதிய எஸ். ராஜரத்னம் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பதையும் இந்த இடத்தில் மாணவர்கள் சேர்த்துக்கொள்ளலாம். ஞாயிறு மாலை தேக்காவில் கைப்பேசியில் ஓட்டம் பார்க்கும் வெளிநாட்டு ஊழியர்களை இதில் சேர்க்கவேண்டாம். அவர்கள் தங்கள் நாட்டு அணியைத்தான் பார்க்கிறார்கள்.

மறுதரப்பையும் எழுதினால்தான் வாதக் கட்டுரைக்கு மதிப்பெண். கிரிக்கெட்டில் தப்பித்துவிட்டோம், காற்பந்தில்? 2025 அக்டோபர் 9ஆம் தேதி தேசிய விளையாட்டரங்கத்தில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரும் இந்தியாவும் மோதி 1-1 என்று சமநிலை கண்டன. ஐந்து நாள் கழித்து கோவாவில் சிங்கப்பூர் 2-1 என வென்றது. வகுப்பைப் பட்டிமன்றம்போல் இரண்டாகப் பிரித்து, அந்த முதல் ஆட்டத்துக்கு நீங்கள் போயிருந்தால் எந்த நிறச் சட்டை போட்டிருப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.