விரையும் நிலமும்

தஞ்சை வட்டாரத்தில் 'விரை' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. நாற்றங்காலில் தெளிக்கும் நெல்லும் விரை. ஆணின், காளையின் விதைப்பைக்குள் இருக்கும் உறுப்பும் விரை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி இரண்டையும் தருகிறது. இது தற்செயலன்று என்றே நாம் எண்ணுகிறோம். அச்சொல்லுக்குள் ஓர் உயிரியல் கொள்கை ஒளிந்திருக்கிறது: ஆண் விதைக்கிறான், பெண் விளைநிலம். விளையாவிட்டால் பழி நிலத்துக்கு. 'மலடன்' என்ற சொல் அகராதியில் இருக்கிறது. ஊரார் வாயில் வருவது 'மலடி'தான்.

நெல்நாட்டில் இந்த உவமை வேரூன்றியதில் வியப்பில்லை. இங்கே பயிர் கதிர்விடுமுன் சூல் கொள்கிறது. ஆடிப் பதினெட்டில் காவிரியே மசக்கைக்காரியாகி, கரையில் சித்திரான்னம் படைக்கப் பெறுகிறாள். ஆனால் உவமையை விடவும் வலுவான காரணம் ஒன்று உண்டு. ஆணின் உறுப்பு வெளியே இருக்கிறது. பெண்ணின் உறுப்பு உள்ளே இருக்கிறது.

உம்பளச்சேரி மாட்டை அறிந்தவர்களுக்கு இது விளங்கும். முழங்கால் ஆழச் சேற்றில் உழைக்கும் அந்தக் குட்டையான மாட்டினத்தில், உழவுக்கு என்று ஒதுக்கிய காளைகளுக்குக் காயடிப்பார்கள். முன்பு விரைகளை நசுக்கினார்கள். பின்னாளில் பர்டிசோ என்ற இடுக்கி வந்து, தோலைக் கிழிக்காமல் நாளங்களை மட்டும் நசுக்கியது. காயடித்த மாடு சினைப்படுத்தாது, முரண்டும் குறையும். ஆக, விரையின் வேலை என்ன என்பதை எழுத்தறியா உழவனும் கையால் அறிந்திருந்தான். உடற்சூட்டைவிடச் சில பாகை குறைந்த வெப்பத்திலேயே விந்தணுக்கள் நன்கு உருவாகும் என்பதால், மாட்டிலும் மனிதனிலும் அவை உடலுக்கு வெளியே பையில் தொங்குகின்றன. யானை விலக்கு. கோயில் வாசலில் நிற்கும் களிற்றைச் சுற்றிச் சுற்றி வந்தாலும் விரையைக் காண இயலாது. அவை வயிற்றுக்குள் சிறுநீரகங்களை ஒட்டி இருக்கின்றன.

பெண்ணுக்கு அத்தகைய கண்கூடான சான்று இல்லை. கோழியை அறுத்த கை, உள்ளே திராட்சைக் குலைபோல் சிறிதும் பெரிதுமான மஞ்சள் கருக்களைக் கண்டிருக்கும். கோழிக்குப் பெரும்பாலும் இடப்பக்கச் சூலகம் ஒன்றே வேலை செய்கிறது என்பதைக்கூட யாரேனும் கவனித்திருக்கலாம். ஆயினும் அந்தக் குலையின் மறுவடிவம் பசுவுக்குள்ளும், அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்குள்ளும் உண்டு என்று எண்ண வழியில்லை. ஐரோப்பாவிலும் இதே கதைதான். லீவன்ஹுக் 1677-லேயே விந்தணுவை நுண்ணோக்கியில் கண்டுவிட்டார். பாலூட்டியின் கருமுட்டையை ஒரு நாயின் உடலில் கண்டு கார்ல் வான் பேயர் வெளியிட்டது 1827-ல். இடையில் நூற்றைம்பது ஆண்டுகள்! அந்த 1827-ல் தஞ்சை அரண்மனையில் இரண்டாம் சரபோஜி வாழ்ந்துகொண்டிருந்தார். அவருடைய தன்வந்திரி மகாலில் நாட்டு மருத்துவமும் மேலை மருத்துவமும் அருகருகே நடந்தன. அங்குத் தொகுத்த சரபேந்திர வைத்திய முறைகளில் கர்ப்பிணிகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு.

நம் நூல்கள் அனைத்தும் விரை-நிலம் என்றே பேசின என்று சொல்வதற்கில்லை. திருவாவடுதுறையில் இருந்தவராகச் சொல்லப்படும் திருமூலர், திருமந்திரத்தில் 'கர்ப்பக் கிரியை' என்று ஒரு பகுதியே பாடியிருக்கிறார். ஆண்கூறு மிகுந்தால் ஆண், பெண்கூறு மிகுந்தால் பெண், ஒத்திருந்தால் அலி என்பது அவர் கருத்து. அறிவியலாக இது தவறு; மனிதரில் குழந்தை ஆணா பெண்ணா என்பதைத் தந்தையின் விந்தணு சுமந்துவரும் எக்ஸ் அல்லது ஒய் நிறமியே பெரிதும் முடிவு செய்கிறது. பால் நிறமிகளின் பங்கை நெட்டி ஸ்டீவன்ஸும் எட்மண்ட் வில்சனும் பூச்சிகளில் காட்டியது 1905-ல். ஆனால் திருமூலரின் தவறில் ஒரு நேர்மை இருக்கிறது. பெண்ணை அவர் வெறும் நிலமாக்கவில்லை. அவளுக்கும் ஒரு கூறு தருகிறார். நாம் முதுகலை படித்த காலத்தில் இப்பகுதி வந்ததும், ஆசிரியர் "வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்று தாள்களைப் புரட்டிவிட்டார். இன்று அதே இடத்தில் நின்று நடத்தும்போது நமக்கும் தொண்டை சற்றே கம்முவதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கூச்சமின்றிப் பேசத் தமிழுக்கு ஒரு மொழி அமைத்தவர் கடல்கடந்து வந்தவர். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 1857-ல் பிரசவ வைத்தியத்தையும் 1872-ல் மனுஷ அங்காதிபாதத்தையும் தமிழில் கொண்டுவந்தார். அதன்பிறகும் சொற்கள் ஒரு நிலைக்கு வரவில்லை. சூலகம், அண்டகம், சினைப்பை, கருவகம் என்று ஓர் உறுப்புக்கு நான்கு பெயர். செடிக்குச் சூற்பை என்று தாவரவியல் ஆசிரியரும் பெண்ணுக்கு அண்டகம் என்று விலங்கியல் ஆசிரியரும் நடத்தினால், இரண்டும் ஒரே தொழிலின் உறுப்புகள் என்பது மாணவனுக்கு எப்படித் தெரியும்? சூலகம் என்பதே நம் தேர்வு. சூல் என்ற சொல்லை நெல்லும் அறியும், பெண்ணும் அறிவாள்.

ஊரில் பொலிகாளையிடம் விட்ட பசுக்கள் அடுத்தடுத்துச் சினை நிற்காமற்போனால், இரண்டாம் பேச்சின்றிக் காளையை மாற்றுவார்கள். மாற்றிய அதே குடியானவர், தம் மகனுக்குப் பிள்ளையில்லை என்றதும் இரண்டாம் பெண் பார்க்கப் புறப்பட்டதை நாம் கண்டிருக்கிறோம். மாட்டில் தெளிந்த அறிவு மனிதனிடம் வரும்போது எங்கே போகிறது? பிள்ளைப்பேறு தள்ளிப்போகும் இணைகளில் ஏறத்தாழப் பாதியில் ஆண்பக்கக் குறைக்கும் பங்குண்டு என்பது மருத்துவம் சொல்லும் கணக்கு. விந்துப் பரிசோதனை எளியது, செலவும் குறைவு. ஆயினும் முதலில் சோதனைக்குப் போகிறவள் பெரும்பாலும் மனைவியே.

பாபநாசத்தை அடுத்த திருக்கருகாவூரில் கருக்காத்த நாயகியின் சந்நிதிப் படியை நெய்யால் மெழுகிக் கோலமிடுகிறார்கள், பிள்ளைவரம் வேண்டும் பெண்கள். அங்கே தரும் நெய்யைக் கணவனும் மனைவியும் 48 நாள் உண்ணவேண்டும் என்பது வழக்கம். இருவரும் என்பதைச் சொல்லித்தான் தருகிறார்கள். ஊர் திரும்பியபின், கணவன் பங்கையும் மனைவியே உண்டு முடித்த வீடுகள் சிலவற்றை நாம் அறிவோம்.