ஈஸ்ட்டின் வளையமும் புரதத்தின் அடையாளமும்

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்ட், பன்னெடுங்காலமாய் மாந்தருக்கு உழைத்துவரும் நுண்ணுயிர். தாயணுவின் பக்கத்தில் மொட்டு அரும்பி, வளர்ந்து, பிரிந்து தனியுயிராவது அதன் இயல்பு. இவ்வணுவுக்குள் குரோமோசோம்களுக்குப் புறம்பாகச் சிறியதொரு டி.என்.ஏ. வளையம் இருப்பது 1967ஆம் ஆண்டில் தெரியவந்தது. அதன் நீளம் இரண்டு மைக்ரான், அதுவே பெயருமாயிற்று. ஓரணுவில் பல பத்துப் படிகளாகப் பெருகி வாழினும், ஈஸ்ட்டுக்கு அது நன்மை செய்வதாகத் தெரியவில்லை. வாடகை கொடாத குடியாளன் என்றே கூறலாம்.

1978ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹின்னன், ஹிக்ஸ், ஃபிங்க் ஆகிய மூவர் ஈஸ்ட்டுக்குள் வெளி மரபணுவைப் புகுத்திக் காட்டினர். அதே ஆண்டில் பிரிட்டனைச் சேர்ந்த ஜீன் பெக்ஸ் என்னும் அம்மையார், அந்தக் குடியாளனையே வாகனமாக்கினார். பாக்டீரியாவின் பிளாஸ்மிட் ஒன்றோடு ஈஸ்ட் வளையத்தை இணைத்தார்; லூசின் என்னும் அமினோ அமிலத்தை ஆக்கும் மரபணுவையும் அதில் ஏற்றினார். பின்னர் லூசினைத் தானே ஆக்க இயலாத ஈஸ்ட்டில் அதனைப் புகுத்தி, லூசின் அற்ற உணவில் விட்டார். வளையம் பெற்ற அணுக்கள் தழைத்தன, பெறாதவை வளரவில்லை. கோடிக்கணக்கான அணுக்களுள் வேண்டியவற்றைப் பொறுக்கியெடுக்க இதனினும் எளிய வழி உண்டோ!

புகுத்திய மரபணு புரதத்தை ஆக்கினாலும், ஆயிரக்கணக்கான புரதங்களுக்கிடையே அதனை இனங்காண்பது எங்ஙனம்? 1984ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் மன்ரோ, பெல்ஹாம் என்போர், பழ ஈயின் புரதமொன்றில் சில அமினோ அமிலங்களைக் கூடுதலாகச் சேர்த்தனர். அச்சிறு துண்டை மட்டும் பற்றும் எதிர்ப்பொருள் முன்பே கைவசம் இருந்தது. ஆகவே புரதம் புதிதாயினும் அடையாளம் பழகியது.

1996ஆம் ஆண்டில் ஈஸ்ட்டின் மரபணுத் தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. ஏறத்தாழ 6,000 மரபணுக்கள் எனக் கணக்கிட்டனர். ஆயினும் பதிவேட்டில் பெயர் இருப்பது வேறு, மாணவன் வகுப்பில் அமர்ந்திருப்பது வேறு அன்றோ? பல மரபணுக்களின் தொழில் அறியப்படாமலே இருந்தது.

அவற்றின் புரதங்களை நேரில் கொணர்ந்தது பிளாஸ்மிட்டே. 2001ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்னைடர் குழுவினர் 5,800 மரபணுக்களைத் தனித்தனிப் பிளாஸ்மிட்டுகளில் ஏற்றினர். கேலக்டோஸ் என்னும் சர்க்கரையை ஊட்டியதும் ஈஸ்ட் அப்புரதங்களை ஆக்கத் தொடங்கும். ஒவ்வொன்றின் முன்முனையிலும் இரு அடையாளங்கள் இருந்தன. ஒன்று, குளுட்டதயோன் பூசிய மணிகளில் ஒட்டிப் புரதத்தைத் தூய்மையாக்க உதவியது. மற்றொன்று, ஆறு ஹிஸ்டிடின்களாலாகியது, நிக்கல் பூசிய கண்ணாடித் தகட்டில் அதனை நிறுத்தியது. அத்தகட்டின்மேல் கால்மோடுலின் என்னும் புரதத்தை ஊற்றிப் பார்த்தனர். முன்பே அறிந்த ஆறு கூட்டாளிகளோடு புதியன 33 அகப்பட்டன.

ஆயின் ஓர் இடர் இருந்தது. அணுவை விட்டு வெளிச்செல்ல வேண்டிய புரதங்களுக்கு முன்முனையே முகவரி. அடையாளம் அதனை மறைத்துவிடும். எனவே 2005ஆம் ஆண்டில் வெளிவந்த புதிய பிளாஸ்மிட் தொகுப்பில் அடையாளம் பின்முனைக்கு மாற்றப்பட்டது. அதனுள்ளேயே நொதியொன்று வெட்டுவதற்குரிய இடமும் வைக்கப்பட்டது.