எண்ட்ரினும் எங்கள் ஏரி மீனும்

மழை விட்ட மறுநாள் ஏரியில் மீன் மிதந்தால், "எண்ட்ரின் தண்ணி இறங்கிடுச்சு" என்பார்கள் விருத்தாசலம் பக்கத்துக் கிராமங்களில். 1970களின் நடுவில் நான் அங்கே எழுத்தராகப் பணியில் சேர்ந்தபோது, அந்தப் பூச்சிமருந்தின் பெயர் தெரியாதவர் கிடையாது.

ஒருநாள், ஏரி மீனை ஏலம் எடுத்தவர் ஒருவர் மனுவோடு எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு கூடை, அதில் செத்த மீன்கள்.

"சார், மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்குது. கெண்டைதான் முதல்ல போச்சு. விரால் ரெண்டு நாள் தாங்குச்சு" என்றார்.

பீங்கான் சூளைக் கழிவாக இருக்கும் என்றார் பக்கத்து மேசைக்காரர். வந்தவர் தலையை ஆட்டி மறுத்தார். ஏரிக்கு மேலே வயல்தான், சூளை இல்லை என்றார்.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் நான். செவுளை 'பிரான்ஷி' என்றுதான் முதலில் கற்றேன். படம் போட்டுப் பாகமும் குறித்திருக்கிறேன். ஒரு லிட்டர் ஏரி நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு 10 மில்லிகிராம்கூட இருக்காது. அதைப் பிரித்தெடுக்கத்தான் செவுளின் தோல் அத்தனை மெல்லியதாக இருக்கிறது. நஞ்சும் அதே வழியாக ரத்தத்தில் இறங்கிவிடும். செவுள் வீங்கிக் கோழை கட்டும். மீன் முதலில் வேகவேகமாக மூச்சு வாங்கும், பிறகு ஓய்ந்துபோகும். விரால் வெளிக்காற்றையும் சுவாசிக்கும் மீன். கெண்டைக்கு அந்த வசதி இல்லை. அவர் சொன்ன வரிசை சரியாகத்தான் இருந்தது.

அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றில் 1963இல் லட்சக்கணக்கான மீன்கள் செத்தபோதே எண்ட்ரின்மேல் குற்றம் சாட்டப்பட்டது. கேரளத்தில் 1958இல் பாரத்தியான் பட்ட கோதுமை மாவைத் தின்று 100 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு 1968இல்தான் நம் நாட்டில் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. எண்ட்ரினுக்குத் தடை வந்தது 1990இல். மீனுக்கு அதேபோல் கொடிய எண்டோசல்ஃபானை உச்ச நீதிமன்றம் நிறுத்தியது 2011 மே மாதத்தில். அந்த மனு இந்தத் தடைகளுக்கெல்லாம் முன்பே எங்கள் மேசைக்கு வந்துவிட்டது.

"உரிய ஆதாரம் இல்லை. கோப்பில் வைக்கலாம்" என்று குறிப்பு எழுதப்பட்டது. கையெழுத்து மேலதிகாரியுடையது. குறிப்பு என்னுடையது.

நாற்றம் தாங்காமல், கூடையை வெளியே வைக்கச் சொன்னதும் நான்தான்.