கௌதாரி

கௌதாரி என்பது இந்தியத் துணைக்கண்டத்தின் வறண்ட சமவெளிகளிலும் முட்புதர் நிலங்களிலும் வாழும் பறவை. தரையில் மேய்ந்து, தரையிலேயே முட்டையிடுவது. கோழி, மயில், காடை ஆகியவை அடங்கிய பேசியானிடே குடும்பத்தைச் சேர்ந்தது. கவுதாரி என்றும் எழுதுவர். இப்பெயரில் வேறு பறவைகளும் இருப்பதால், பறவையியல் நூல்கள் இதைச் சாம்பல் கௌதாரி எனப் பிரித்துக் குறிக்கின்றன. அறிவியல் பெயர் ஆர்டிகார்னிஸ் பாண்டிசெரியானஸ்.

தமிழகத்துச் சிற்றூர்களில் விடியற்காலையில் இதன் குரலைக் கேட்காதவர் குறைவு. பறவையை நின்று நிதானமாகப் பார்த்தவரும் குறைவு. காட்டுப்பறவை என்று பொதுவாகச் சொன்னாலும் அடர்காட்டில் இது இராது. காட்டுக்கும் கழனிக்கும் நடுவே கிடக்கும் தரிசு, புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், வேலியோரம் ஆகியவையே இதன் இருப்பிடம்.

பெயர்

தெலுங்கில் கௌஜு, கன்னடத்தில் கௌஜலு என வழங்கும் பெயர்கள் தமிழ்ப்பெயருக்கு நெருக்கமானவை. இந்தியில் இதன் பெயர் தீதர்; வடமொழியில் தித்திரி. இவை பறவையின் கூவலை ஒத்து ஒலிப்பவை. யசுர் வேதத்தின் தைத்திரீயக் கிளைக்கு அப்பெயர் வந்ததைப் புராணக்கதை ஒன்று தித்திரியோடு சேர்த்துச் சொல்கிறது. குருவின் ஆணைப்படி யாக்ஞவல்கியர் உமிழ்ந்த வேதத்தை மற்ற மாணவர்கள் தித்திரிப் பறவைகளாக மாறிக் கொத்தி எடுத்துக்கொண்டனர் என்பது அக்கதை.

சங்க இலக்கியத்தில் சிவல், இதல், குறும்பூழ் என்னும் பெயர்கள் வருகின்றன. சிவலுக்குக் கௌதாரி என்றும், குறும்பூழுக்குக் காடை என்றும் அகராதிகள் பொருள் தருகின்றன. இதல் என்பதற்கு இரண்டு பொருளும் உண்டு. பேச்சுவழக்கிலும் ‘காடை கவுதாரி’ என்று இரண்டையும் சேர்த்தே சொல்வதால், நேரில் பார்க்கும்போது எது எது என்று பலர் மயங்குவது இயல்பு.

அறிவியல் பெயரில் புதுச்சேரி இருப்பதற்குக் காரணம் பிரெஞ்சு இயற்கையாளர் பியர் சோனரா. கிழக்கிந்தியப் பயணத்தைப் பற்றி 1782-இல் அவர் வெளியிட்ட நூலில் இப்பறவையைப் ‘புதுச்சேரிக் கௌதாரி’ என விவரித்திருந்தார். அந்த விவரிப்பை அடிப்படையாகக் கொண்டு, லின்னேயசின் நூலை விரிவாக்கிய ஜெர்மானியர் யோகன் பிரீட்ரிக் கிமெலின் 1789-இல் முறையான இலத்தீன் பெயரைச் சூட்டினார். நீண்ட காலம் பிராங்கோலினஸ் பேரினத்தில் இருந்த இது, மரபணு ஆய்வுகளுக்குப் பின் அண்மையில் ஆர்டிகார்னிஸ் பேரினத்துக்கு மாற்றப்பட்டது. கிரேக்கத்தில் ‘ஆர்டிக்ஸ்’ காடை, ‘ஆர்னிஸ்’ பறவை. ஆக, முழுப்பெயரின் பொருள் ‘புதுச்சேரிக் காடைப்பறவை’. காடை, கௌதாரி மயக்கம் அறிவியல் பெயரையும் விடவில்லை.

தோற்றம்

வளர்ந்த கௌதாரி நாட்டுக்கோழியில் பாதியளவுகூட இராது. நீளம் 26 முதல் 34 செ.மீ.; எடை 200 முதல் 340 கிராம் வரை. சேவல் பெட்டையைவிடச் சற்றுப் பெரிது. உருண்ட உடல், குட்டை வால், குட்டையான வட்டச் சிறகுகள், ஓடுவதற்கேற்ற உறுதியான கால்கள் ஆகியவை பொது அமைப்பு.

தொலைவில் வெறும் சாம்பல் கலந்த பழுப்பாகத் தெரியும் உடலை அருகில் பார்த்தால் நிறம் விரியும். முதுகு இறகு ஒவ்வொன்றிலும் நடுத்தண்டு வெளிறிய கோடாக ஓட, அதன் குறுக்கே பழுப்பும் செம்பழுப்புமான பட்டைகள் மாறி மாறி வரும். மார்பிலும் வயிற்றிலும் மெல்லிய கருங்கோடுகள் நெருக்கமாக நெளிந்திருக்கும். காய்ந்த புல்லும் சருகும் அவற்றின் நிழலும் கலந்த தரையில் பறவை அசையாது அமர்ந்துவிட்டால் கண்ணுக்குத் தனியே தெரியாது. முகம் வெளிர்செம்மஞ்சள், தொண்டை மங்கிய மஞ்சள், அதைச் சுற்றி நூல்போல ஒரு கருவளையம். கால்கள் செந்நிறம். பறக்கும்போது மட்டும் விரியும் வாலின் ஓரத்தில் செம்பழுப்பு பளிச்சிடும்.

சேவலுக்கும் பெட்டைக்கும் நிறத்தில் வேறுபாடு இல்லை. சேவலின் காலில் கூர்மையான முள் இருக்கும். பெட்டைக்குப் பெரும்பாலும் இராது.

பரவல்

தென்கிழக்கு ஈரானில் தொடங்கிப் பாகிஸ்தான், இந்தியா, நேபாளத்தின் தாழ்நிலம், இலங்கை வரை இது பரவியுள்ளது. மூன்று துணையினங்கள் உண்டு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழ்வது அடர்நிறமும் செம்மை கூடிய தொண்டையும் கொண்டது. வட இந்தியத் துணையினம் அதைவிட வெளிறியது. பலூசிஸ்தான், ஈரான் பாலைப்பகுதிகளில் வாழ்வது எல்லாவற்றிலும் வெளிறியது. மண் வெளிற வெளிற இறகும் வெளிறுகிறது.

இலங்கையில் இது தீவு முழுதும் இல்லை. யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் ஆகிய வறண்ட வடமேற்குக் கரையோரத்தோடு நின்றுவிடுகிறது. வேட்டைக்காக மனிதர் கொண்டுசென்றதால் அந்தமானிலும் ஹவாய்த் தீவுகளிலும் இது நிலைபெற்றுள்ளது.

தமிழகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான பகுதிகளைத் தவிரச் சமவெளி எங்கும் உண்டு. கொங்குப் பகுதியின் கொறங்காடு இதற்குப் பொருத்தமான வாழிடம். கிளுவை முள்ளை உயிர்வேலியாக வளர்த்து, உள்ளே வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லுமாக விட்டுவைக்கும் மேய்ச்சல் நிலமே கொறங்காடு. உழவு இல்லாததால் தரை கலையாமல் இருக்கிறது. ஆடுமாடு மேய்வதால் புல்லும் மறைக்குமளவு உயர்வதில்லை. ஓடித் திரியத் திறந்த வெளியும் ஒளிந்துகொள்ள வேலியும் கௌதாரிக்கு ஓரிடத்திலேயே கிடைத்துவிடுகின்றன.

வாழ்க்கைமுறை

இணையாகவோ நாலைந்து பறவைகள் கொண்ட குடும்பக் கூட்டமாகவோ மேயும். விதைகள், சிந்திய தானியம், இளந்தளிர், வண்டு, வெட்டுக்கிளி ஆகியவை உணவு. கறையானில் விருப்பம் அதிகம். காலால் மண்ணைக் கிளறி அலகால் பொறுக்கும். காய்ந்த புழுதியில் குழி பறித்து, இறகுகளைச் சிலிர்த்து மண்ணில் புரளும். இறகில் ஒட்டும் பேன்களையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அகற்றும் குளியல் இது. வண்டிப்பாதையின் புழுதியில் கிண்ணம்போன்ற சிறு பள்ளங்களும், சுற்றிலும் முன்னோக்கிய மூவிரல் தடங்களும் தென்பட்டால் கௌதாரி நடமாட்டம் இருக்கிறது என்று கொள்ளலாம்.

ஆபத்து வந்தால் முதலில் ஓடும். கிட்டத்தில் நெருங்கும்போதுதான் பறக்கும். காலடியில் ஏதோ வெடித்ததுபோல ‘புர்ர்’ரென்று எழும்பி, வேகமாகச் சிறகடித்து, சற்றுத் தூரத்தில் தாழ மிதந்து இறங்கி மறுபடி புதருக்குள் ஓடிவிடும். கோழியினத்தின் மார்புத்தசை திடீர் விசைக்கு ஏற்றது, விரைவில் களைத்துவிடுவது. அதனால் இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து எழுப்பப்பட்ட கௌதாரி மேலும் பறக்க மாட்டாமல் புதரில் பதுங்கிவிடும். காடைகளில் சில இனங்கள் நெடுந்தொலைவு வலசை போகின்றன. கௌதாரி பிறந்த வட்டாரத்தை விட்டு நகர்வதில்லை.

பகலெல்லாம் தரையில் கழிக்கும் இப்பறவை இரவில் தாழ்ந்த முள்மரங்களில் ஏறி அடையும்.

குரல்

விடியலிலும் அந்தியிலும் கூவும். ‘கிலா, கிலா’ என்ற மெல்லிய ஒலியில் தொடங்கி, ‘க-தீ-தர், க-தீ-தர்’ எனக் கணீரென உயர்ந்து, பலமுறை அடுக்கிவரும். சேவல் கூவும்போது பெட்டை இடையிடையே ‘தீ, தீ’ என்று எதிர்க்குரல் கொடுக்கும். இரண்டும் சேர்ந்து ஒலிப்பது கேட்பவருக்கு ஒரே பறவையின் குரல்போல் இருக்கும். ஓரிடத்தில் ஒன்று தொடங்கியதும் பக்கத்து நிலங்களில் உள்ளவையும் வரிசையாகப் பதில் சொல்லும். இது எல்லையை அறிவிக்கும் கூவல்.

இனப்பெருக்கம்

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை முக்கிய இனப்பெருக்கக் காலம். புதரடியிலோ வேலியடியிலோ சிறு பள்ளம் பறித்து, கொஞ்சம் புல்லையும் இலையையும் பரப்பினால் கூடு முடிந்தது. சில நேரம் பாறைப் பிளவிலும் சுவரிடுக்கிலும் முட்டையிடுவதுண்டு. ஓர் ஈட்டில் ஆறு முதல் எட்டு முட்டைகள். 18 முதல் 21 நாளில் பொரியும்.

கோழிக்குஞ்சு போலவே கௌதாரிக் குஞ்சும் பொரிந்த சிறிது நேரத்தில் கண்விழித்து நடக்கத் தொடங்கிவிடும். தாயும் தந்தையும் கூட்டிச் சென்று மேய்க்கும். முதல் நாட்களில் புரதம் மிகுந்த பூச்சி உணவே குஞ்சுகளுக்கு ஆதாரம். கீரி, பாம்பு, காட்டுப்பூனை, வல்லூறு ஆகியவற்றுக்குப் பல இரையாகும். முட்டைகளின் எண்ணிக்கை கூடுதலாக இருப்பது இந்த இழப்பை ஈடுகட்டுகிறது.

ஒத்த பறவைகள்

வண்ணக் கௌதாரியின் உடல் வெண்புள்ளிகள் நிறைந்த கருமை; முகம் செம்பழுப்பு. இலங்கையின் தென்கிழக்கிலும் இந்தியத் தீபகற்பத்தில் ஆங்காங்கேயும் உண்டு. கருங்கௌதாரி வட இந்தியப் பறவை; அரியானா மாநிலத்தின் மாநிலப் பறவை அதுவே. காடைகள் கௌதாரியைவிட மிகச் சிறியவை. அவற்றுள் மழைக்காடையின் அறிவியல் பெயரில் சோழமண்டலக் கரை இடம்பெற்றுள்ளது. அதற்கும் 1789-இல் பெயரிட்டவர் கிமெலினே. காடைபோலவே தோன்றும் டர்னிக்ஸ் பறவைகள் கோழியினத்தைச் சேர்ந்தவையே அல்ல. அவற்றுக்குப் பின்விரல் கிடையாது. பெட்டை பெரிதாகவும் நிறம் மிகுந்தும் இருக்க, சேவல் அடைகாக்கும்.

மனிதரும் கௌதாரியும்

எல்லையைக் காக்கும் இயல்பே கௌதாரிக்குப் பகையானது. பழக்கிய சேவலைக் கூண்டில் வைத்து, மற்றொரு சேவல் வாழும் நிலத்தில் கொண்டுபோய்ச் சுற்றிலும் கண்ணி வைப்பது பழைய வேட்டைமுறை. கூண்டுப்பறவை கூவும், தன் நிலத்தில் அயலான் குரல் கேட்ட சேவல் சண்டைக்கு ஓடிவந்து கண்ணியில் காலைக் கொடுக்கும். இப்படி இனத்தைக் காட்டி இனத்தைப் பிடிக்க உதவும் விலங்கையும் பறவையையும் ‘பார்வை’ என்று சங்க இலக்கியம் குறிக்கிறது.

வட இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் சண்டைக்காகக் கௌதாரி வளர்க்கும் வழக்கம் இருந்தது. குஞ்சிலிருந்து வளர்த்தால் கூண்டில்லாமலேயே வளர்த்தவர் பின்னால் நாய்போல ஓடிவரும். 1891-இல் வெளியான தம் நூலில் ஜான் லாக்வுட் கிப்ளிங், அந்த நடையைப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடும் சிறுபெண்ணின் நடைக்கு ஒப்பிட்டார். ஆங்கிலேய அதிகாரிகளுக்குக் கௌதாரி வேட்டை பொழுதுபோக்காக இருந்தது. காங்கிரசைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஏ. ஓ. ஹியூம், மார்ஷல் என்பவரோடு சேர்ந்து இந்திய வேட்டைப் பறவைகள் பற்றி 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகள் வெளியிட்டார்.

இன்று உணவகங்களில் கிடைக்கும் காடை, பண்ணையில் வளரும் ஜப்பானியக் காடை. கௌதாரிக்கு அவ்வாறு பண்ணை வளர்ப்பு வேரூன்றவில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரியை வேட்டையாடுவதும் பிடித்து விற்பதும் குற்றம்.

பாதுகாப்பு நிலை

பரவல் அகன்றது என்பதால் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கௌதாரியை ‘தீவாய்ப்பு கவலை குறைந்த இனம்’ என வகைப்படுத்தியுள்ளது. எனினும் வட்டார அளவில் இது மறையும் விதம் வேறு. வருவாய்க் கணக்கில் தரிசு, புறம்போக்கு என எழுதப்படும் நிலமே முதலில் மனைப்பிரிவாகவும் ஆலையாகவும் மாறுகிறது. பூச்சிக்கொல்லி தெளித்த வயலில் குஞ்சுகளுக்கு வேண்டிய பூச்சி கிடைப்பதில்லை. கட்டற்றுத் திரியும் நாய்கள் தரைக்கூடுகளைக் கலைக்கின்றன. உயிர்வேலியை வேரோடு பிடுங்கிவிட்டுக் கல்தூண் நட்டுக் கம்பி இழுப்பது இப்போது பரவலாக நடக்கிறது. நில அளவில் ஒரு சென்ட்கூடக் குறைவதில்லை. ஆனால் கம்பிவேலியின் அடியில் கௌதாரி முட்டையிட மறைவு இல்லை.